சார்ப்போமா பந்தலில் திவாவின் பிறந்தநாள்

குமாசி நகரின் பந்தாமா பக்கம் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால், மற்ற குழந்தைகள் முதலில் கேட்பது கேக் உண்டா என்றல்ல, பந்தல் உண்டா என்றுதான். பந்தலும் அதன் கீழே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தால் அது விழா. இல்லாவிட்டால் யாரோ வீட்டில் சோறு தின்ற கதை, அவ்வளவுதான். இதைப் பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. வாராவாரம் சனிக்கிழமை தெருவை அடைத்துப் பந்தல் போட்டுச் சாவுச் சடங்கு நடத்துகிற ஊர் இது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அக்குவா பிராகோவின் மகள் திவாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆறு வயது. தன் வீட்டில் பந்தல் போட்டு விழா நடக்கப் போகிறது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து நின்றாள். டீச்சரையும் அழைத்தாயிற்று.

"யாருடி உனக்குப் பந்தல் போடுறேன்னு சொன்னது?"

"நீதான்."

"நானா? எப்போ சொன்னேன்?"

"இன்னும் சொல்லல. ஆனா சொல்லுவே."

பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பையனின் பிறந்தநாள். விழா முடிந்து போகும் குழந்தைகளுக்கு மிட்டாயும் பிஸ்கட்டும் போட்டு ஆளுக்கொரு பை கொடுத்து அனுப்புவார்கள். பையனின் அம்மா திவாவின் கையில் பையைத் திணிக்கும்போது, "எல்லார் வீட்டுப் பையும் வாங்கிட்டே. உங்க வீட்டுப் பை எப்போ வரும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சுற்றி நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்தப் பையை வழியில் நின்ற ஆட்டுக்குப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள் திவா. ஏன் என்று பிராகோ துருவித் துருவிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். கேட்ட பிறகு அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிராகோ தெருமுனையில் வாழைப்பழம் சுட்டு விற்பவள். அரைப்பழுப்பில் இருக்கும் நேந்திரம் போன்ற பெரிய வாழையைத் தோலுரித்துக் கரியடுப்பின் மேல் கம்பிவலையில் புரட்டிப் புரட்டிச் சுட்டு, ஒரு கை வறுத்த வேர்க்கடலையோடு தாளில் சுற்றிக் கொடுப்பாள். புகையில் கண் சிவந்திருக்கும். நாக்கும் கொஞ்சம் காரம்தான். திவாவின் அப்பா வடக்கே லாரி ஓட்டப் போகிறேன் என்று போனவர். லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அதைப் பற்றி யாராவது உச்சுக் கொட்டினால், "அவரு போனதுல ஒரு வாய் மிச்சம், அடுத்த வேலையைப் பாரு" என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவாள். யாரிடமும் கை நீட்டுவது அவளுக்கு ஆகாது. ஆனால் பிள்ளை பொய் சொன்னவளாகத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவதும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

சாப்பாடு அவளுக்குப் பெரிய கவலையாக இல்லை. பிறந்தநாள் என்றால் ஒத்தோ இருந்தாக வேண்டும். பெருவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்து, செம்பனை எண்ணெயும் வதக்கிய வெங்காயமும் விட்டுப் பிசைந்து, மேலே அவித்த முட்டைகளைப் பதித்தால் ஒத்தோ. பிறந்த நாளில் ஒருவரின் ஆத்மாவுக்கு ஊட்டுகிற சாப்பாடு அது. அதையே பெரிய தாம்பாளத்தில் வட்டமாகக் குவித்துச் சுற்றிலும் முட்டை நட்டுவிட்டால் கேக்குக்குக் கேக்கும் ஆயிற்று. கூடவே தக்காளிக் குழம்பிலேயே வேகவைத்த ஒரு பானை ஜோலஃப் சோறு. புளிச்சைப் பூவை இஞ்சியோடு கொதிக்க வைத்து ஆற்றினால் சிவப்பாகக் குடிக்க ஒரு பானகம். கொடுத்தனுப்பும் பையில் போட மாவைச் சின்னச் சின்னதாக வெட்டி எண்ணெயில் பொரித்த கலகலா. உடுப்புக்கும் செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டையோடு பிள்ளைகளை அப்படியே வரச் சொல்லிவிட்டாள்.

"எல்லாம் சரிடி, பந்தல்?" என்றாள் லமிசி. ஒரே முற்றத்தில் பக்கத்து அறையில் குடியிருக்கும் தையல்காரி. வடக்கத்திக்காரி. பிராகோவின் ஒரே தோழி.

"அதான் எதிர்ல நட்டுட்டு இருக்காங்களே."

லமிசி எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுச் சார்ப்போமா பாட்டியம்மா தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்து, மழைக்காலத்துக்கு முன்னால் காலமாகியிருந்தாள். ஊர் வழக்கப்படி உடல் இத்தனை நாளும் பிணவறையில் இருந்தது. சனிக்கிழமை அடக்கமும் சடங்கும். பந்தல்காரர் ஒப்போங்கின் ஆட்கள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடிப்பாவி! சாவு வீட்டுப் பந்தலையா?"

"சனிக்கிழமை சாவுக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல அங்க ஈ காக்கா இருக்காது. திங்கக்கிழமை காலையிலதான் ஒப்போங் அண்ணன் வந்து பிரிப்பாரு. நடுவுல அந்தப் பந்தல் சும்மாதானே நிக்குது? வெயில்ல காயறதுக்கா போட்டாங்க?"

இது பிராகோ கண்டுபிடித்த பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பந்தாமாவில் எல்லோரும் வாராவாரம் கண்ணால் பார்ப்பதுதான். பார்த்த கண்ணுக்கும் எழும் கைக்கும் நடுவே கூச்சம் என்று ஒன்று இருக்கிறது. பிராகோவுக்கு அந்தக் கூச்சம் அந்த வாரம் மட்டும் வற்றிப் போயிருந்தது.

ஒப்போங்கைப் போய்ப் பிடித்தாள். "அண்ணே, சடங்கு முடிஞ்சா உங்க நாற்காலி எல்லாம் எண்ணெயும் எலும்புமா கிடக்கும். திங்கக்கிழமை உங்க பசங்க அதைக் கழுவறதுக்குள்ள பாதி நாள் போயிடும். ஞாயித்துக்கிழமையே நானும் லமிசியும் அத்தனையையும் தொடைச்சு அடுக்கித் தர்றோம். அதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு மணி நேரம் என் பொண்ணு உட்கார்ந்துக்குவா."

"உன் பொண்ணு ஒருத்திதானே?"

"அவளும் அவ வகுப்பும்."

ஒப்போங் வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் திங்கக்கிழமை வர்றவன். ஞாயித்துக்கிழமை எனக்குக் கண்ணு தெரியாது. ஆனா வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க, தங்கச்சி. பெரியவர் அம்போன்சா நல்ல மனுசன்தான். சுத்தி இருக்கறவங்களைச் சொல்ல முடியாது."

கேட்கத்தான் போனாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு வாசலில், குடும்பத்துத் தலைவரான பெரியவர் அம்போன்சாவைப் பார்க்க வேண்டும் என்று போய் நின்றாள். வாசலில் உட்கார்ந்திருந்தவள் பாட்டியம்மாவின் மகள் கொனாடு. அக்ராவில் வாழ்க்கைப்பட்டவள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே பழகியவள். பிராகோ வாயைத் திறக்கும் முன்பே, "வாழைப்பழமெல்லாம் வேண்டாம்மா. சமையலுக்கு ஆள் வெச்சாச்சு. புகையைக் கொண்டு வந்து இங்க நிக்காதே" என்று கையை வீசினாள்.

பிராகோ வாசற்படியிலிருந்து இறங்கினாள். திரும்பித் தெருவைக் கடந்து வந்தவள், "கேட்டியா?" என்ற லமிசியிடம், "கேட்கப் போனேன். பதில் முன்னாடியே வந்துருச்சு" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. கேட்காமல் செய்தது தப்புத்தான். செய்தவளுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் வள்ளிக்கிழங்கு வாங்கப் போனாள்.

சனிக்கிழமை சடங்கு ஊரே மெச்சும்படி நடந்தது. ஒரே ஒரு குறை. பாட்டியம்மாவின் சொந்த ஊரான குவாந்தாபோங்கிலிருந்து ஒரு குஞ்சு கூட வரவில்லை. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். கொனாடு பிடிவாதமாகக் குமாசியிலேயே அடக்கம் என்று முடிவு செய்தாள். கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள் என்று பந்தலில் குசுகுசுவெனப் பேச்சு. பிறந்த ஊர் வராத சாவு என்ற பெயர் ஒரு குடும்பத்துக்கு வந்துவிட்டால் பேரன் காலத்திலும் போகாது. பெரியவர் அம்போன்சாவின் முகத்தில் அன்று முழுவதும் ஈயாடவில்லை.

ஞாயிறு காலை குடும்பத்தார் வெள்ளை உடுத்திக் கோயிலில் நன்றி வழிபாடு முடித்தார்கள். மத்தியானம் வரவு செலவு பேச, ஊரின் மறுகோடியில் இருக்கும் அம்போன்சாவின் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியதும் பிராகோ சேலைத் தலைப்பைச் செருகுவதுபோல இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். லமிசி பலூன் ஊதினாள். பந்தலின் முகப்பில் பாட்டியம்மாவின் ஆளுயரப் படம் தொங்கியது. அதை மறைக்க பிராகோவுக்கு மனம் வரவில்லை. அதற்கு இரண்டு பக்கமும் பலூனைக் கட்டிவிட்டு, "பாட்டியம்மா, நீங்க எங்கிட்ட வாழைப்பழம் வாங்கித் தின்னவங்கதான். ரெண்டு மணி நேரம் கண்டுக்காதீங்க" என்றாள். படத்தில் பாட்டியம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நேற்று துக்கம் ஏற்கக் குடும்பத்துத் தலைவர் உட்கார்ந்த நடு நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்துத் திவாவை உட்கார வைத்தார்கள். வெள்ளைக் கவுன், கழுத்தில் மணிமாலை. அவள் எதிரே மேசையில் தாம்பாளம் நிறைய ஒத்தோ, அதில் ஆறு முட்டைகள். வகுப்புப் பிள்ளைகள் வெள்ளையும் சொள்ளையுமாக டீச்சரோடு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் பந்தலைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள்.

"டேய், இது எங்க மாமா கல்யாணத்துல போட்டதைவிடப் பெருசுடா!"

திவா நாற்காலியில் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பாட்டு நிற்கிறபோது ஓடிப்போய் நாற்காலி பிடிக்கிற விளையாட்டு ஆரம்பமாயிற்று. இருப்பதோ தெரு கொள்ளாத நாற்காலி, ஆடுவதோ ஒரு வகுப்புப் பிள்ளைகள். யாருமே தோற்கவில்லை. தோற்காத விளையாட்டைப் பிள்ளைகள் ரசித்து ரசித்து ஆடினார்கள். பிராகோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நினைத்ததை முடித்துவிட்டோம், இனி முட்டையை வெட்டி ஊட்ட வேண்டியதுதான் என்று கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தெருமுனையில் அந்த பஸ் வந்து நின்றது.

பழைய பஸ், நெற்றியில் குவாந்தாபோங் என்று எழுதியிருந்தது. கதவைத் திறந்ததும் கறுப்பும் சிவப்புமாக உடுத்திய பெண்கள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பேர் தலையில் மேளம், ஒருத்தி கையில் இரும்புமணி. முன்னால் நடந்தவள் நெடுநெடுவென்று ஓர் அம்மாள். வரிசை கட்டி ஒப்பாரி பாடிக்கொண்டே பந்தலுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு எல்லாம் முறைப்படிதான் இருந்தது. பந்தல் இருக்கிறது, பாட்டியம்மாவின் படம் இருக்கிறது. வயதானவர் சாவு என்பதால் நன்றி நாளில் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். முன்னோருக்குப் படைக்கும் ஒத்தோவும் முட்டையும் நடுவில் இருக்கின்றன. வேறென்ன வேண்டும்?

துக்கம் கேட்க வருகிறவர்கள் வலது கோடியில் தொடங்கி, உட்கார்ந்திருப்பவர் ஒருவரையும் விடாமல் கை குலுக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த அம்மாளும் குலுக்க ஆரம்பித்தாள். வலது கோடியில் மூக்கொழுகும் பையன் ஒருவன். அவன் சட்டென்று எழுந்து நின்று கையைக் கொடுத்தான். அடுத்தவனும் கொடுத்தான். பந்தாமாப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வரிசை முழுக்க ஒரு சிரிப்பு இல்லை, ஒரு தள்ளுமுள்ளு இல்லை. நடு நாற்காலிக்கு வந்ததும் அந்த அம்மாள் குனிந்து திவாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மனசைத் தேத்திக்கோ தாயி."

"சரி" என்றாள் திவா.

கத்தியோடு நின்ற பிராகோவிடம் வந்து லமிசி காதில் கிசுகிசுத்தாள். "நேத்தே முடிஞ்சு போச்சு, பெரியவர் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லி அனுப்பிடுடி. நமக்கு எதுக்கு வம்பு?"

பிராகோ பஸ் டிரைவரைப் பார்த்தாள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று அவர் அங்கே நின்றே புலம்பிக்கொண்டிருந்தார். ஊரின் மறுகோடிக்கு இந்த பஸ் போகாது. அனுப்பினால் இவர்கள் நேராகத் தங்கள் ஊருக்குத்தான் போவார்கள். சார்ப்போமா சாவுக்குப் போனோம், ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். கொனாடுவுக்கு இது நன்றாக வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. பொய் சொல்வானேன், இரண்டு நொடி தோன்றியது. ஆனால் படத்தில் சிரிக்கிறவள் கொனாடு இல்லை. அதோடு, வந்தவர்களின் கறுப்புக்கும் பிள்ளைகளின் வெள்ளைக்கும் நடுவில் அப்போது பந்தலுக்குப் பொறுப்பாக நின்றது அவள் ஒருத்திதான். வந்தவர்களை வரவேற்காமல் விடுவது அந்த ஊரில் எவளாலும் முடியாத காரியம்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. இவர்களை உட்கார வைத்தால் பெரியவருக்கு ஆள் அனுப்பியாக வேண்டும். பெரியவர் வந்தால் கொனாடுவும் வருவாள். கொனாடு வந்தால் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கத் திவாவை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவாள். அந்தச் சிரிப்பு மறுபடி கேட்கும்.

"லமிசி, தண்ணி பாக்கெட் எடு. எல்லாருக்கும் உட்கார இடம் காட்டு."

நாற்காலியை எட்டிப் பார்க்க வந்த ஒப்போங் முனையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவரைக் கைகாட்டி அழைத்தாள். "அண்ணே, உங்க மூணு சக்கர வண்டியை எடுங்க. பெரியவர்கிட்ட குவாந்தாபோங்காரங்க வந்திருக்காங்கன்னு சொல்லி உடனே கூட்டிட்டு வாங்க."

"பலூனைப் பத்தி?"

"அவருக்குக் கண்ணு இருக்குல்ல? வந்து பார்த்துக்கட்டும்."

வந்தவர்கள் தண்ணீர் குடித்து முடித்ததும் பிராகோ முன்னால் வந்து நின்றாள். முறைப்படி கேட்டாள். "இங்க நாங்க எல்லாரும் சுகம். நீங்க வந்த சேதியைச் சொல்லுங்க."

நெடுநெடு அம்மாள் எழுந்தாள். பெயர் ஆட்டா. "கெட்ட சேதி ஏதும் கொண்டு வரல. எங்க அக்காவுக்கு அடக்கம்னு கேட்டு நேத்து விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினோம். வண்டி பாதி வழியில படுத்துக்கிச்சு. போன் மேல போன் போட்டோம், சாவு வீட்டு இரைச்சல்ல யாரும் எடுக்கல. ராத்திரி முழுக்க ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்துல கிடந்தோம். கோவிச்சுக்கிட்டு வரலன்னு யாரும் நினைச்சிடக் கூடாதுன்னு, நாள் தப்பினாலும் பரவாயில்லைன்னு வந்துட்டோம். அவளுக்குன்னு கட்டின பாட்டு ஒண்ணு இருக்கு. அதைப் பாடாம நாங்க திரும்ப மாட்டோம்."

இப்போது பிராகோவின் முறை. பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை.

"அம்மா, நான் இந்த வீட்டுக்காரி இல்ல. எதிர்ல குடியிருக்கேன். வாழைப்பழம் சுட்டு விக்கறேன். குடும்பத்துக்காரங்க பெரியவர் வீட்டுக்குப் போயிருக்காங்க, ஆள் அனுப்பியிருக்கேன். இந்த ஒத்தோ உங்க அக்காவுக்குப் படைச்சது இல்ல. நீங்க மனசைத் தேத்திக்கச் சொன்னீங்களே, அது என் பொண்ணு. அவளுக்கு இன்னைக்குப் பொறந்தநாள். பந்தல் சும்மா நிக்குதேன்னு யாரையும் கேட்காம உட்கார்ந்துட்டோம். தப்புத்தான். ஆனா நீங்க உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டீங்க, இனிமே நீங்க என் விருந்தாளி. உங்க பாட்டைப் பாடுங்க. பிள்ளைங்க சத்தம் போடாம கேக்கும். அப்புறம் நாங்க முட்டை வெட்டறோம். நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகணும்."

ஆட்டா நான்கு பெண்களோடு பஸ் பக்கம் ஒதுங்கினாள். முக்கியமான விஷயம் எதுவானாலும் இப்படித் தனியே போய்த் தலைகளைச் சேர்த்துப் பேசிவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். பிள்ளைகள் கால்களை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஆட்டா திரும்பி வந்தாள். "பொண்ணு என்னைக்குப் பொறந்தவ?"

"ஞாயித்துக்கிழமை. அதான் அக்கோசுவா திவான்னு பேரு."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை" என்று வகுப்பு மொத்தமும் கத்தியது.

"பொறந்த கிழமைதான் ஆத்மாவோட நாள். அதுவும் பொறந்த தேதியும் ஒண்ணா வந்திருக்கு. இப்படிப்பட்ட நாள்ல எங்க வண்டியை யாரு இங்க கொண்டாந்து விட்டான்னு எனக்குத் தெரியும்" என்று பாட்டியம்மாவின் படத்தைப் பார்த்தாள் ஆட்டா. "அவ சும்மா இருக்க மாட்டா. சாகறதுக்கு முன்னாடியும் அப்படித்தான்." சொல்லிவிட்டு மேளக்காரியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சார்ப்போமாவுக்குக் கட்டிய பாட்டை அவர்கள் பாடினார்கள். பந்தலில் கேட்டவர்கள் பலர் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். சனிக்கிழமை முழுவதும் ஸ்பீக்கர் வைத்து அலறியும் வராத கண்ணீர் அந்தப் பாட்டுக்கு வந்தது. கதவுகள் திறந்தன. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து காலி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. பாட்டு முடிந்ததும் பெண்கள் தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து மடியில் வைத்தார்கள். ஆட்டா மூக்கைச் சிந்திவிட்டு, "ம், இப்போ முட்டையை வெட்டு" என்றாள்.

பிராகோ முட்டையை வெட்டித் திவாவின் வாயில் முதல் துண்டை வைத்தாள். மேளம் வேறு தாளத்துக்கு மாறியது. ஒத்தோவை ஆளுக்கொரு கிள்ளாக எடுப்பதுதான் வழக்கம், அதனால் பஸ்ஸுக்கும் வகுப்புக்கும் தெருவுக்கும் ஒரு தாம்பாளமே போதுமாக இருந்தது. பிள்ளைகள் சோற்றைக் கையால் அள்ளித் தின்றுவிட்டு எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். மேளமும் இரும்புமணியும் பின்னால் முழங்க, ஒரு பஸ் நிறையப் பெண்கள் கைதட்டிப் பாட நடந்த பிறந்தநாள் பந்தாமாவில் அதற்கு முன் கிடையாது. பக்கத்துத் தெருப் பையனின் அம்மா கூடக் கும்பலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் லமிசி ஒரு கலகலாப் பையைத் திணித்தாள். ஒன்றும் கேட்கவில்லை, திணித்தாள், அவ்வளவுதான்.

நடு ஆட்டத்தில் கார் வந்தது. கொனாடு கதவை அறைந்து சாத்திக்கொண்டு இறங்கினாள். வெள்ளை லேஸ் உடை, உயரக் குதிகால் செருப்பு. பலூனைத்தான் முதலில் பார்த்தாள்.

"என்ன கூத்து இது? எங்க அம்மா படத்துல யாரு பலூன் கட்டினது? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? எந்திரிங்க எல்லாரும்!"

மேளம் நின்றது. பிராகோ வாயைத் திறப்பதற்குள் ஆட்டா முன்னால் வந்து நின்றாள்.

"அவளை ஏன் கேட்கறே? எங்களைக் கேளு. உங்க அம்மாவோட ஊர் வந்து இறங்கினப்போ இந்த வாசல்ல பூட்டு தொங்குச்சு. எங்களுக்குத் தண்ணி குடுத்தது யாரு? நீயா? சேதி கேட்டது யாரு? நீயா? இவ தன் பிள்ளையோட சாப்பாட்டை எங்களுக்குப் பங்கு போட்டா. நீ வந்ததுல இருந்து எங்களுக்கு இன்னும் ஒரு கும்பிடு கூடப் போடல."

கொனாடு அப்போதுதான் பெண்களின் முகங்களைச் சரியாகப் பார்த்தாள். அவள் பின்னாலேயே, ஒப்போங்கின் மூன்று சக்கர வண்டியிலிருந்து பெரியவர் அம்போன்சா மெதுவாக இறங்கினார். குவாந்தாபோங் பெண்களைப் பார்த்தார். இறங்கிய இடத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வலது கோடிக்குப் போனார். மூக்கொழுகும் பையனிடமிருந்து தொடங்கி, ஒருவரையும் விடாமல் கை குலுக்கிக்கொண்டே வந்தார். அவர் குலுக்கினால் அவர் குடும்பம் முழுக்கக் குலுக்கியாக வேண்டும். கொனாடு பின்னால் நடந்தாள். அத்தனை பிள்ளைகளும் செம்பனை எண்ணெய்க் கையை ஆசையாக நீட்டின. வரிசை முடிவதற்குள் அவளுடைய வெள்ளை லேஸ் கைப்பட்டை சிவப்பாகியிருந்தது. கடைசியில் பிராகோ நின்றாள். கொனாடு ஒரு கணம் தயங்கினாள். பிறகு கையை நீட்டினாள். புகை படிந்த கையைப் பிடித்தாள். "நன்றி" என்றாள். சத்தம் கம்மிதான், ஆனால் சொன்னாள்.

பெரியவர் நடு நாற்காலி முன்னால் போய் நின்றார். திவா எழுந்திருக்கப் போனாள். அவர் அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

"உன் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி கிடைக்குமா?"

"நிறைய இருக்கு" என்றாள் திவா.

ஒப்போங் ஓடிப்போய் மைக்கைப் போட்டார். சனிக்கிழமைகளில் அந்த மைக்கில் பெரிய மனிதர்களின் பெயர்கள்தான் ஒலிக்கும். பெயர் ஒலிப்பதற்காகவே காணிக்கை கொடுக்க வருகிறவர்கள் உண்டு. பெரியவர் மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"பந்தாமா ஜனங்களே, கேளுங்க. சார்ப்போமாவோட சொந்த ஊர் அவளைப் பார்க்க வந்துருச்சு. அவங்களை வரவேத்து, தண்ணி குடுத்து, சேதி கேட்டு, சோறு போட்டு எங்க குடும்பத்தோட மானத்தைக் காப்பாத்தினது அக்குவா பிராகோ. இந்தப் பந்தல் இன்னைக்கு அவளோடது. இன்னைக்கு அவ மக அக்கோசுவா திவாவுக்கு ஆறு வயசு!"

ஸ்பீக்கர் பிராகோவின் பெயரைத் தெருமுனை தாண்டி, அவளுடைய கரியடுப்பைத் தாண்டி, பக்கத்துத் தெரு வரை கொண்டு போயிற்று. பிராகோ பிறந்ததிலிருந்து அவளுடைய முழுப்பெயரை யாரும் மைக்கில் சொன்னதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கத்தியைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கண்ணீர் கொட்டியது. அதைப் புகையின் மேல் பழி போடவும் முடியாது, அங்கே அடுப்பே இல்லை.

மறுபடி மேளம் தொடங்கியது. திவா நாற்காலியிலிருந்து அம்மாவின் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை, அதனால் அவள் கேட்டது பந்தாமா முழுக்கக் கேட்டது.

"அம்மா, அடுத்த வருஷம் யாரு சாவாங்க?"

பிராகோ தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியவர் அம்போன்சா திவாவின் பக்கம் சாய்ந்து, யோசிப்பதுபோல மோவாயைத் தடவினார்.

"தேதியை மட்டும் ஞாபகப்படுத்து தாயி. என்னால ஆனதைச் செய்யறேன்."

முதலில் சிரித்தது ஆட்டா. அதன் பிறகு கொனாடு உட்பட ஒருவரும் பாக்கியில்லை. பஸ் டிரைவர் கூடத் திரும்பிப் போவதை மறந்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார், லமிசி அவருக்கும் ஒரு தட்டுச் சோறு கொண்டுவந்து கொடுத்தாள்.